நாற்பத்திரண்டு கிலோமீட்டர் டிக்கெட்

அனகாபுத்தூரில் யாரையாவது நிறுத்தி, 'இங்கேயிருந்து பல்லாவரம் போய், ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடித்து, தாம்பரம், செங்கல்பட்டு, மதுராந்தகம் எல்லாம் தாண்டி, கிட்டத்தட்ட திண்டிவனம் வரைக்கும் ஓடுங்க சார். பன்னிரண்டு மணி நேரம் டைம்' என்று சொல்லிப் பாருங்கள். உங்களை மேலும் கீழும் பார்ப்பார். பஸ்ஸில் போனாலே இடுப்பு கழன்றுவிடும் தூரம் அது.

ஏறத்தாழ இதே தூரத்தைத்தான், அதாவது சுமார் 90 கிலோமீட்டரை, தென்னாப்பிரிக்காவில் வருஷா வருஷம் ஆயிரக்கணக்கானவர்கள் ஓடுகிறார்கள். காம்ரேட்ஸ் மாரத்தான் என்று பெயர். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவே, மேடும் பள்ளமுமான பாதை. பெயரில்தான் மாரத்தான். நிஜ மாரத்தான் 42 கிலோமீட்டர் சொச்சம். அதைத் தாண்டிய ஓட்டத்துக்கு அல்ட்ரா மாரத்தான் என்று பெயர். சமீப ஆண்டுகளில் வெளிநாட்டிலிருந்து அங்கே போய் ஓடுகிறவர்களில் இந்தியர்கள் கூட்டம் ரொம்பப் பெரிது.

நினைத்தவுடன் போய் நின்றுவிட முடியாது. முறையாக அளந்த பாதையில் ஒரு முழு மாரத்தானை ஏறத்தாழ ஐந்து மணி நேரத்துக்குள் ஓடிய அத்தாட்சி வேண்டும். எனவே ஜனவரியில் சென்னையிலோ மும்பையிலோ ஓடுகிற சிலருக்கு அந்த 42 கிலோமீட்டர் பந்தயமே இல்லை. பயிற்சி. கூடவே, காம்ரேட்ஸுக்குள் நுழைய டிக்கெட்.

இவர்களுடைய ஓட்டமே வேறு மாதிரி இருக்கும். பக்கத்தில் ஒருவர் முந்திக்கொண்டு போனால் போகட்டும் என்று விட்டுவிடுவார்கள். எல்லாவற்றையும் இங்கேயே கொட்டித் தீர்த்துவிட்டால் பல நாள் பயிற்சி கெட்டுப்போகும். எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை தண்ணீர், எவ்வளவு உப்பு, எதைத் தின்றால் வயிறு சண்டை போடாமல் இருக்கும் என்றெல்லாம் சோதித்துப் பார்க்கிற இடம் இது. காம்ரேட்ஸ் பாதையில் உப்புப் போட்ட அவித்த உருளைக்கிழங்கு கொடுப்பார்கள். அதையெல்லாம் அங்கே போய் முதல்முறையாகப் பரீட்சை செய்யக் கூடாதில்லையா? சென்னையில் ஒரே ஒரு குறைதான். மேடு கிடையாது. அதற்கு ஏலகிரி மாதிரி எங்காவது போகத்தான் வேண்டும்.

மெதுவாக, நிறைய ஓடிப் பழகு என்ற இந்தப் பாடத்துக்கு ஒரு பழைய வாத்தியார் இருக்கிறார். ஆர்தர் நியூட்டன். நேட்டாலில் பண்ணை வைத்திருந்த வெள்ளைக்காரர். கறுப்பர்களுக்கென்று ஒதுக்கிய பகுதிக்கு நடுவே தன் நிலம் மாட்டிக்கொண்டது, அரசாங்கம் நஷ்டஈடு தரவில்லை என்று அவருக்குக் கோபம். ஓடி ஜெயித்துப் பிரபலமானால் தன் வழக்கை நாடு கேட்கும் என்று கணக்குப் போட்டார். 1922ல், 39 வயதில், காம்ரேட்ஸில் முதலாவதாக வந்தார். மொத்தம் ஐந்து முறை ஜெயித்தார்.

நியூட்டனால் தன் குறையைச் சொல்ல ஓட முடிந்தது. அவரைவிடப் பெரிய குறை உள்ளவர்களுக்கு ஓடவே அனுமதி இல்லை.

முதல் உலகப் போரில் செத்துப்போன சக வீரர்களின் நினைவாக, விக் கிளாபம் என்ற முன்னாள் சிப்பாய் 1921 மே 24 அன்று ஆரம்பித்த ஓட்டம் இது. முதல் வருஷம் கிளம்பியவர்கள் 34 பேர், முடித்தவர்கள் 16 பேர். எல்லாருமே வெள்ளைக்கார ஆண்கள். அதே போரில், 1917ல், மெண்டி என்ற கப்பல் மூழ்கி அறுநூறுக்கும் மேற்பட்ட கறுப்பினப் படைத் தொழிலாளர்கள் செத்திருந்தார்கள். அவர்களுடைய சொந்தபந்தம் யாரும் இந்த நினைவு ஓட்டத்தில் கால் வைக்க முடியாது.

நம் ஆட்கள்? 1860ல் மெட்ராஸிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் கரும்புத் தோட்டக் கூலிகளாக டர்பன் போய் இறங்கியவர்களின் வாரிசுகள் அங்கேதான் இருந்தார்கள். அதே டர்பனிலிருந்து முதல் வகுப்பு டிக்கெட்டோடு கிளம்பிய காந்தியை 1893ல் ரயிலிலிருந்து இறக்கிவிட்ட ஊர்தான் பீட்டர்மாரிட்ஸ்பர்க். அந்தத் தமிழர்களுக்கும் இந்த ஓட்டத்தில் இடமில்லை.

சிலர் அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. 1923ல் பிரான்சிஸ் ஹேவர்ட் என்ற பெண் விண்ணப்பித்தார். முடியாது என்றார்கள். ஓடினார். 11 மணி 35 நிமிடத்தில் முடித்தார். 1935ல் ராபர்ட் ம்ட்ஷாலி என்ற கறுப்பர் ஒன்பதரை மணி நேரத்தில் வந்து சேர்ந்தார். அதிகாரபூர்வப் பட்டியலில் இருவருக்குமே இடமில்லை. ஓடியது ஊருக்கே தெரியும், ஏட்டுக்குத் தெரியாது.

அந்த ஏடு மாற 1975 வரை ஆனது. அந்த வருஷம்தான் பெண்களுக்கும் எல்லா இனத்தவருக்கும் கதவு திறந்தது. 1989ல் சாம் ட்ஷபலாலா ஜெயித்தார். அந்த ஓட்டத்தில் முதலிடம் பிடித்த முதல் கறுப்பர். மண்டேலா அப்போதும் சிறையில்தான் இருந்தார்.

இன்றைக்கும் காம்ரேட்ஸ் ஒன்றும் இரக்கமுள்ள ஓட்டம் இல்லை. பன்னிரண்டு மணி நேரம் முடிந்ததும் ஒருவர் துப்பாக்கியால் சுடுவார். அதற்குப் பிறகு ஓர் அடி தள்ளி வந்தாலும் பதக்கம் கிடையாது. சுடுகிறவர் ஓடி வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். வருவது ஆணா பெண்ணா, கறுப்பா வெள்ளையா, அவருக்குத் தெரியாது. கொடுமைதான். ஆனால் எல்லாருக்கும் ஒரே கொடுமை.

2019லிருந்து, ஒன்பது மணி நேரத்துக்கும் பத்து மணி நேரத்துக்கும் நடுவே முடிக்கிறவர்களுக்கு ஒரு தனிப் பதக்கம் தருகிறார்கள். அதன் பெயர் ராபர்ட் ம்ட்ஷாலி பதக்கம். ஏட்டில் எழுத மறுத்த பெயரை, 84 வருஷம் கழித்து, பதக்கத்தில் எழுதியிருக்கிறார்கள்.

ஜனவரி விடிகாலையில், நாலே முக்கால் மணி நேரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு மாரத்தானை முடிக்கிறவரைப் பார்த்து, 'இவ்வளவு லேட்டா?' என்று யாராவது கேட்கலாம். கேட்கட்டும். ம்ட்ஷாலிக்குக் கால் இருந்தது, மூச்சு இருந்தது. இவர் கையில் இருக்கும் அந்தச் சாதாரணக் காகிதம் மட்டும்தான் கிடைக்கவில்லை.