பெரியம்மாவும் எடை அட்டையும்

போன ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட ராஜபாளையம் அய்யனார் கோவில் போயிருந்தோம். ஆத்துல தண்ணி கொஞ்சமாத்தான் ஓடுச்சு. குளிச்சு, நீர்காத்த அய்யனாரைக் கும்பிட்டு, மரத்தடியில புளிசாதத்தைப் பிரிச்சப்போ பக்கத்துல ஒரு குடும்பம். கைக்குழந்தையைக் கொஞ்ச நேரம் பார்த்த பெரியம்மா, "ஏத்தா, புள்ளைக்கு எடை போட்டு எத்தன மாசமாச்சு?"ன்னு கேட்டுட்டாங்க. அந்தம்மா முழிச்சாங்க, எனக்குக் கூச்சமா போச்சு :-)

பெரியம்மா ஓய்வுபெற்ற பால்வாடி டீச்சர். 1983ல வேலைக்குச் சேர்ந்தவங்க. இந்தப் பதிவே அவங்களாலதான்.

கொஞ்சம் வரலாறு. அங்கன்வாடித் திட்டம் (ஐசிடிஎஸ்) 1975 அக்டோபர் 2ல நாடு முழுக்க 33 இடங்கள்ல ஆரம்பிச்சது. 1980ல உலக வங்கி உதவியோட தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. மதுரை, ராமநாதபுரம் மாதிரியான மாவட்டங்களோட கிராமங்கள்தான் களம். அப்ப ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் ராமநாதபுரம் மாவட்டம்தான், 1985லதான் நம்ம மாவட்டம் தனியா பிரிஞ்சது. நடுவுல 1982 ஜூலை 1ல எம்.ஜி.ஆரோட சத்துணவுத் திட்டம்.

1980 திட்டத்தோட வேலைமுறை எளிமையானது. 6 மாசத்துலருந்து 36 மாசம் வரை உள்ள குழந்தைகளுக்கு மாசாமாசம் எடை போட்டு அட்டையில குறிக்கணும். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாள் சத்துணவு. தேறிட்டா நிறுத்திடலாம். வேலைக்கு உள்ளூர்ப் பெண்கள், சுமார் பத்துப் பேருக்கு ஒரு மேற்பார்வையாளர்.

பயிற்சியில படிச்சது வேலையில எவ்வளவு ஒட்டுச்சுன்னு பெரியம்மாகிட்ட கேட்டேன். "எடை போடுறது மறக்கவே இல்லய்யா. மாசாமாசம் போட்டோம், சூப்பர்வைசரம்மா வந்து அட்டையப் பாப்பாங்க, தப்பா இருந்தா அங்கனயே திருத்துவாங்க. தாய்மாருக்குப் பேசிப் புரியவைக்கணும்னும்தான் சொல்லிக்குடுத்தாக. அதுக்கு நேரம் எங்க? நான் போற நேரம் அவுக காட்டுவேலைக்குப் போயிருவாக."

ஒரே பயிற்சி, ஒரே ஆள். ஒண்ணு கையோட ஒட்டிக்கிச்சு, இன்னொண்ணு நோட்டுலயே நின்னுபோச்சு.

இதை அளக்க ஒரு வழி இருக்கு. 1959ல அமெரிக்காவோட டொனால்ட் கிர்க்பாட்ரிக் நாலு படி சொன்னார்: பயிற்சி பிடிச்சதா, கத்துக்கிட்டாங்களா, வேலையில செய்யுறாங்களா, பலன் வந்ததா. நம்ம ஊர்ல பெரும்பாலும் முதல் படியோட சரி. கடைசி நாள் ஒரு படிவம், "பயிற்சி மிகவும் பயனுள்ளதாக இருந்தது", குரூப் போட்டோ, முடிஞ்சது!

"பயிற்சியில பத்து சதவீதம்தான் வேலைக்குப் போகுது"ன்னு ஒரு கணக்கு ரொம்ப காலமா சுத்துது. 1982ல ஜார்ஜன்சன்னு ஒருத்தர் பேச்சுவாக்குல எழுதினது அது, ஆய்வு முடிவே இல்ல. 1988ல பால்ட்வின், ஃபோர்டுன்னு ரெண்டு பேர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து, பயிற்சி ஒட்டுறது கத்துக்கிறவரையும் பாடத்தையும் மட்டுமில்ல, வேலையிடத்தையும் பொறுத்ததுன்னு காட்டினாங்க. பெரியம்மா சொன்னதும் அதேதான்: கூடவே நின்னு பார்க்க ஆள் வேணும், செய்ய நேரம் வேணும்.

இதுக்குச் சாட்சியும் நம்ம தமிழ்நாட்டுலயே இருக்கு. 2016ல தொடங்கி சுமார் ஒன்றரை வருஷம், நாலு மாவட்டத்துல 320 அங்கன்வாடிகளை வச்சு முரளிதரன் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் ஒரு சோதனை நடத்தினாங்க. குலுக்கல்ல வந்த மையங்களுக்கு மட்டும், பாடம் சொல்லித்தர அரைநேர ஊழியர் ஒருத்தர் கூடுதல். பாட நேரம் ரெண்டு மடங்காச்சு, குழந்தைகளோட மொழி, கணக்கு ரெண்டும் மேம்பட்டுச்சு. பழைய டீச்சருக்குக் கையில நேரம் கிடைச்சதால சத்துணவு வேலையும் கூடிச்சு. டீச்சருக்கு அதுவரை தெரியாததா என்ன? செய்யத்தான் நேரமில்ல.

2023ல 'போஷன் பி படாய் பி'ன்னு அங்கன்வாடி ஊழியர்களுக்கு மறுபடி நாடு தழுவிய பயிற்சி ஆரம்பிச்சாங்க. நல்ல விஷயம்தான். ஆனா எத்தன லட்சம் பேருக்குப் பயிற்சி குடுத்தோம்ங்கிற கணக்கு போதாது. ஆறு மாசம் கழிச்சு ஒரு மையத்துக்குச் சொல்லாம போய்ப் பார்த்தாத்தான் தெரியும்.

கிளம்புறப்போ அந்தக் குழந்தையோட அம்மா, பெரியம்மா பக்கத்துல வந்து உக்காந்து, என்ன குடுக்கலாம்னு கேட்டுக்கிட்டிருந்தாங்க. அரைமணி நேரம் பேசினாங்க. நாற்பது வருஷத்துக்கு முன்னாடி நோட்டுல எழுதுனது அன்னைக்குத்தான் நேரம் கிடைச்சு வெளிய வந்துச்சு.

உங்க ஊர் பால்வாடி டீச்சரைப் பார்த்தா, என்ன பயிற்சி எடுத்தீங்கன்னு கேக்காதீங்க. அதுல எதைச் செய்ய முடியுதுன்னு கேளுங்க.