தவளைக் கால் முதல் 450 வோல்ட் வரை

மலர்க் குழுவிலிருந்து போன் செய்து, "ஏதாவது காலேஜ் ஞாபகம் எழுதிக் குடுங்க" என்றார்கள். நம் கல்லூரி என்றதும் எனக்கு முதலில் கண்முன் நிற்பது மெஷின்ஸ் லேப் கதவில் தொங்கிய அந்தச் சிவப்புப் பலகைதான். மண்டை ஓடு, குறுக்கே இரண்டு எலும்பு, 'அபாயம் 440 வோல்ட்ஸ்'. முதல் வருஷம் அந்தப் பக்கம் போகவே பயந்த நாங்கள், மூன்றாம் வருஷம் அந்தப் பலகையின் ஆணியிலேயே குடையை மாட்டிவிட்டு உள்ளே போனோம்! அந்த எண்ணைப் பற்றி, அதாவது வோல்ட் என்கிற சமாச்சாரத்தைப் பற்றிக் கொஞ்சம் சரித்திரம் எழுதலாம் என்று தோன்றியது. சிவில் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கணக்கு அதிகம் இல்லை.

இத்தாலியில் பொலோனியா நகரத்து உடற்கூறு பேராசிரியர் லூயிஜி கால்வானி. அறுத்து வைத்த தவளையின் நரம்பையும் தசையையும் இரண்டு வேறு உலோகங்களால் இணைத்தால் செத்த தவளையின் கால் துள்ளியது. உயிருள்ளவற்றுக்குள்ளேயே மின்சாரம் இருக்கிறது என்று 1791-ல் எழுதினார். பாவியா பல்கலைக்கழகத்தில் இருந்த அலெஸாண்ட்ரோ வோல்டா இதை ஒப்புக்கொள்ளவில்லை. மின்சாரம் அந்த இரண்டு உலோகங்களில் இருந்து வருகிறது, தவளை வெறும் மீட்டர்தான் என்றார். வெள்ளியையும் துத்தநாகத்தையும் மாற்றி மாற்றி அடுக்கி, நடுவில் உப்புத் தண்ணீரில் நனைத்த அட்டை வைத்து 1800-ல் அவர் செய்து காட்டியதுதான் முதல் பாட்டரி. பாவம், கால்வானி 1798-லேயே காலமாகிவிட்டார். புதிய அரசுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்ததால் பேராசிரியர் வேலையும் போயிருந்தது. அந்த மறுப்பை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும். 1881-ல் பாரிஸில் கூடிய மின்சார மாநாடு 'வோல்ட்' என்ற அலகை உலகத்துக்கே பொதுவாக்கியது.

ஆனால் கால்வானி சொன்னதிலும் உண்மை இருந்தது. ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் கணவாய் மீனின் தடித்த நரம்புக்குள் மின்முனையைச் செலுத்தி அளந்தார்கள். நரம்பு சும்மா இருக்கும்போது உள்ளுக்கும் வெளிக்கும் சுமார் 70 மில்லிவோல்ட் வித்தியாசம். டார்ச் செல்லில் இருபதில் ஒரு பங்குதான், ப்பூ என்று தோன்றும். ஆனால் அந்தச் சவ்வின் தடிமன் ஏழெட்டு நானோமீட்டர். வகுத்துப் பாருங்கள், மீட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரு கோடி வோல்ட் வருகிறது! மீட்டருக்கு முப்பது லட்சம் வோல்ட் வந்தாலே காற்று தாங்காமல் பொறி பறக்கும். அதைவிட அதிகமாக நம் ஒவ்வொரு நரம்பும் சத்தமில்லாமல் தாங்கிக்கொண்டிருக்கிறது. இந்த வேலைக்காக 1963-ல் இருவருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

அதே 1963-ல் இன்னொரு கட்டுரை வெளிவந்தது. அதிலும் வோல்ட் உண்டு. நான் சொல்ல வந்ததே அதைத்தான்.

ஸ்டான்லி மில்கிராம், அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்து மனோதத்துவ ஆசிரியர். 1961-ல் பரிசோதனையைத் தொடங்கியபோது என்னைவிட வயதில் சின்னவர். லட்சக்கணக்கான யூதர்களைச் சாவுக்கு ரயிலேற்றிய ஐக்மன் மீது ஜெருசலேமில் வழக்கு நடந்த வருஷம் அது. உத்தரவைத்தான் நிறைவேற்றினேன் என்பது ஐக்மனின் வாதம். சாதாரண ஆள் உத்தரவுக்கு எவ்வளவு தூரம் போவான் என்று மில்கிராம் பார்க்க நினைத்தார்.

ஞாபகசக்தி பற்றிய ஆராய்ச்சி என்று பேப்பரில் விளம்பரம். ஒரு மணி நேரத்துக்கு 4 டாலர், வழிச்செலவுக்கு 50 சென்ட். வந்தவர் 'ஆசிரியர்', இன்னொருவர் 'மாணவர்'. சீட்டு குலுக்கிப் போட்டதே ஏமாற்று; மாணவராக வருபவர் மில்கிராமின் ஆள். அவரைப் பக்கத்து அறையில் நாற்காலியில் கட்டி, மணிக்கட்டில் மின்முனை மாட்டுவார்கள். ஆசிரியர் முன்னால் ஒரு மெஷின், வரிசையாக 30 சுவிட்ச். 15 வோல்டில் ஆரம்பித்து 15, 15 ஆக ஏறி 450-ல் முடியும். 'லேசான ஷாக்' முதல் 'அபாயம்: கடுமையான ஷாக்' வரை எழுதியிருக்கும். கடைசி இரண்டு சுவிட்சுக்கு வார்த்தையே இல்லை, மூன்று பெருக்கல் குறி மட்டும். நம் மண்டை ஓட்டுக்கு அண்ணன் என்று வையுங்கள்! தப்பான பதிலுக்கு ஒரு ஷாக், அடுத்த தப்புக்கு அதற்கு மேல் சுவிட்ச்.

அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும், ரிலே தட்டும், மீட்டர் முள் ஓடும். ஆனால் மாணவருக்கு ஒரு வோல்ட்கூடப் போகாது. அந்த மெஷின் நிஜமாக ஷாக் கொடுத்தது ஆசிரியருக்கு மட்டும்தான். நம்பிக்கை வருவதற்காக ஆரம்பத்தில் ஒரு 45 வோல்ட் பாட்டரியிலிருந்து அவர் மணிக்கட்டில் சாம்பிள் காட்டுவார்கள்.

300 வோல்டில் மாணவர் சுவரை இடிப்பார். 315-க்குப் பிறகு சத்தமே வராது. பதில் சொல்லாவிட்டாலும் தப்புதான், மேலே போகலாம் என்று சாம்பல் நிறக் கோட்டுக்காரர் சொல்வார். தயங்கினால் அவர் சொல்வதற்கு நாலே வாக்கியம், வரிசையாக. மிரட்டல் கிடையாது, உரத்த குரல் கிடையாது. வியர்த்தார்கள், நடுங்கினார்கள், சிலர் அடக்க முடியாமல் சிரித்தார்கள். அப்படியும் 40 பேரில் 300-க்கு முன்னால் ஒருவரும் நிறுத்தவில்லை. 26 பேர் 450 வரை போனார்கள். மனநல மருத்துவர்களைக் கேட்டபோது ஆயிரத்தில் ஒருவர்தான் அப்படிப் போவார் என்று சொல்லியிருந்தார்கள்.

எஞ்சினியர் என்ற முறையில் ஒரு வார்த்தை. கொல்வது கரண்ட், வோல்ட் அதைத் தள்ளிவிடும் அழுத்தம். பாலியெஸ்டர் சட்டையைக் கழற்றும்போது படபடவென்று வருகிற பொறி ஆயிரக்கணக்கான வோல்ட், ஆனால் ஒன்றும் ஆகாது. 450 வோல்ட் அப்படியல்ல. உடம்பின் தடை 1000 ஓம் என்று வைத்தால் 450 மில்லி ஆம்பியர். நம் வீட்டு ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே தட்டிவிடும். நிலையான காயம் வராது என்று கோட்டுக்காரர் சொன்னதை அந்த 26 பேரும் எப்படி நம்பினார்களோ!

நம்பவே இல்லை, பலருக்குச் சந்தேகம் இருந்தது என்று ஜீனா பெர்ரி 2012-ல் ஒரு புத்தகம் எழுதினார். அதிலும் விஷயம் இருக்கிறது. ஆனால் மில்கிராம் ஆளையும் இடத்தையும் மாற்றி மாற்றிச் செய்த மற்ற சோதனைகள்தான் எனக்கு முக்கியம். உத்தரவு போனில் வந்தபோது கடைசிவரை போனவர்கள் கால்வாசிக்கும் கீழே. அதிலும் சிலர், "ஏத்திட்டேன் சார்" என்று பொய் சொல்லிவிட்டு 15 வோல்ட் சுவிட்சையே அழுத்தினார்கள்! மாணவரை அதே அறையில் உட்கார வைத்தபோதும் கீழ்ப்படிதல் குறைந்தது.

இதையெல்லாம் நான் தேடிப் படிக்கக் காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், ஒரு தொழிற்சாலையில் ஷட்டவுன். வேலை செய்கிற வயர்மேன் எல்.சி. கார்டு வாங்கிக்கொண்டு போவார். முடித்துவிட்டு அவரே கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தந்தால்தான் லைனைச் சார்ஜ் செய்யலாம். மூன்று கார்டு போயிருந்தது, இரண்டு வந்திருந்தது. மேலதிகாரி என் பின்னால் வந்து நின்றார். "எல்லாரும் வெளிய வந்தாச்சு. கார்டு அப்புறம் பாத்துக்கலாம், போடுங்க தம்பி" என்றார். நான் போட்டேன்.

இரண்டு நிமிஷம் கழித்துப் பேனலுக்குப் பின்னாலிருந்து மூன்றாவது வயர்மேன் வந்தார், கையில் ஸ்பானர். அதைத் தேடத்தான் வெளியே போயிருக்கிறார். "சார், லைன் போட்டுட்டீங்களா? நான் இன்னும் கார்டு குடுக்கலையே."

"அதான் ஒண்ணும் ஆகலையே" என்று மேலதிகாரி டீ குடிக்கப் போய்விட்டார். வயர்மேன் அண்ணன் கார்டை எடுத்து என் மேஜையில் வைத்தார். கையெழுத்துப் போடவில்லை, வேலை பாக்கி இருக்கிறதே. நான் மறுபடி பிரேக்கரை இறக்கினேன், அவர் உள்ளே போனார்.

மில்கிராமின் புத்தகம் கைக்குக் கிடைத்தது அதற்கு மூன்று வருஷம் கழித்து. அந்த நாலு வாக்கியங்களையும் படித்துப் பார்த்தேன். என் மேலதிகாரிக்கு முதல் வாக்கியத்துக்கு மேல் தேவைப்பட்டிருக்கவில்லை.