கைகோத்த இருவர்: ஒரு குட்டிப் படத்தின் கதை

சில மாதங்களுக்கு முன் என் நண்பன் ஒருவனுக்குப் பிறந்தநாள். வகுப்பு வாட்ஸப் குரூப்பில் வாழ்த்து போட்டேன். கூடவே இரண்டு ஆண்கள் கைகோத்து நிற்கும் இமோஜியையும் போட்டேன். கைகோத்து நடப்பது எங்கள் ஊர்ப் பையன்களுக்குச் சாதாரணம். ஆனால் குரூப்பில் ஒரே கிண்டல்: "என்னடா, எப்போ கல்யாணம்?" நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன். அப்புறம்தான் இந்தப் படம் எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன்.

1999-ல் ஜப்பானின் டோகோமோ நிறுவனத்துக்காக ஷிகேடகா குரிடா 176 குட்டிப் படங்களை உருவாக்கினார். ஒவ்வொன்றும் 12-க்கு 12 புள்ளிகள்தான். உலகம் முழுக்க ஒரே மாதிரி பயன்படுத்த வசதியாக, 2010-ல் யூனிகோட் 6.0 இமோஜிகளுக்கு எண் கொடுத்தது. அதில் 'முத்தம்', 'இதயத்துடன் ஜோடி' என்று இரண்டு உண்டு. ஆணா பெண்ணா என்று அந்தப் பெயர்களில் இல்லை. ஆனால் போன் கம்பெனிகள் ஓர் ஆணையும் பெண்ணையும்தான் வரைந்தன. நான் அனுப்பிய படமும் அதே பட்டியலில் வந்ததுதான். 'கைகோத்த இரு ஆண்கள்', அவ்வளவுதான் அதன் பெயர். நண்பர்களா, அண்ணன் தம்பியா, காதலர்களா என்பதை அனுப்புகிறவர்தான் முடிவு செய்யவேண்டும். ஆப்பிள் 2012-ல் அதை ஐபோனில் சேர்த்தது.

2015-ல் ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் முத்தமிடும் படங்கள் ஐபோனில் வந்தன. இவற்றுக்குப் புது எண் தரவில்லை. தனித்தனிக் குறிகளைக் கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக் குறியால் ஒட்டிவிட்டார்கள். க, புள்ளி, ஷ மூன்றும் சேர்ந்து க்ஷ ஆகிறதே, ஏறக்குறைய அதே வித்தை! பழைய போனில் ஒட்டாமல் தனித்தனியாக நிற்கும்.

போனில் ஒட்டினாலும் எல்லா ஊரிலும் ஒட்டவில்லை. 2016 பிப்ரவரியில் இந்தோனேசிய அரசு, தன்பாலின ஜோடிகளைக் காட்டும் இமோஜிகளையும் ஸ்டிக்கர்களையும் எடுக்கச் சொல்லி மெசேஜ் செயலிகளிடம் கேட்டது. லைன் நிறுவனம் அப்படிப்பட்ட ஸ்டிக்கர்களை அங்கே நீக்கியது.

அடுத்தது நிறம். 2015-லேயே ஐந்து தோல் நிறங்கள் வந்துவிட்டன. ஆனால் அது தனி ஆளுக்கு மட்டும். ஜோடிகள் மஞ்சளாகவே இருந்தார்கள். வேறு வேறு நிறத்தவர் ஜோடி சேர்ந்தால் அவர்களுக்குப் படமே இல்லை. 2018-ல் டிண்டர் இதற்காகப் பிரச்சாரம் செய்தது. 2019-ல் கைகோத்த ஜோடிகளுக்கும், 2020-ல் முத்த, இதய ஜோடிகளுக்கும் நிறம் கலக்கும் வசதி வந்தது. காமர்ஸ் மாணவன் கணக்கு போடாமல் இருப்பேனா? :-) ஒருவருக்கு 5 நிறம், மற்றவருக்கு 5, ஆக 25. ஆண்-பெண், ஆண்-ஆண், பெண்-பெண், பால் குறிப்பிடாதவர் என நான்கு வகை, ஆக 100. முத்தம், இதயம் என இரண்டு படம், மொத்தம் 200.

இரண்டு ஜோடிப் படங்கள் 200 ஆக மாற பத்து வருடம் ஆகியிருக்கிறது. இத்தனூண்டு படத்துக்கா இவ்வளவு போராட்டம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு எங்கள் குரூப் ஞாபகம் வந்தது. அறுபது பேர் இருக்கிறோம். அதில் யாரோ ஒருவருக்கு அது நிஜமாகவே தன் படமாக இருந்திருந்தால்? அன்று நாங்கள் சிரித்ததை அவரும் படித்திருப்பார். ஒன்றும் எழுதாமல் போனை வைத்திருப்பார்.

நண்பனின் அடுத்த பிறந்தநாளுக்கும் அதே படத்தைத்தான் அனுப்பப் போகிறேன். யாராவது கிண்டல் செய்தால் இந்தமுறை நான் சிரிக்கமாட்டேன்.