வங்கி சொல்றது ஒரு விலை, பத்திர ஆபீஸ் சொல்றது ஒரு விலை... சிறுசேரியில் வீட்டு மதிப்பை முடிவு செய்வது யார்?

மாதவரத்தில் கிளம்பும் மெட்ரோ வந்து முடியப்போகும் இடம் சிறுசேரி சிப்காட். ஐ.டி. கம்பெனிகளை நம்பி அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டே இருக்கும் பகுதி. இங்கே ஒரே ஃபிளாட்டுக்கு மூன்று விலை உண்டு. பில்டர் கேட்பது ஒன்று, வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் எழுதுவது ஒன்று, பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பு இன்னொன்று. மூன்றும் ஒத்துப்போவது அபூர்வம்.

வங்கி மதிப்பு குறைந்தால் என்ன ஆகும்?

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஃபிளாட் விலை 80 லட்சம் ரூபாய். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில், சொத்து மதிப்பில் அதிகபட்சம் 80 சதவீதம்தான் தர முடியும். அப்படிப் பார்த்தால் 64 லட்சம் கிடைக்கும். கையில் 16 லட்சம் இருந்தால் போதும். ஆனால் மதிப்பீட்டாளர் 70 லட்சம்தான் என்று எழுதிவிட்டால், வங்கி குறைந்த தொகையைத்தான் கணக்கில் எடுக்கும். கடன் 56 லட்சமாகச் சுருங்கும். கையிலிருந்து போட வேண்டியது 24 லட்சம்! அட்வான்ஸ் கொடுத்துவிட்டு ரிப்போர்ட்டுக்காகக் காத்திருப்பவர்களுக்கு இந்த 8 லட்சம்தான் தூக்கத்தைக் கெடுக்கிறது. பத்திரச் செலவு இதில் சேராது, அது தனி. புதிய அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனையில் 50 லட்சம் முதல் 3 கோடி வரை முத்திரைத்தீர்வை 5, பதிவுக் கட்டணம் 2 என மொத்தம் 7 சதவீதம். 80 லட்சத்துக்கு 5.6 லட்சம்.

மதிப்பு ஏன் குறைகிறது? பக்கத்தில் சமீபத்தில் பதிவான விற்பனை விலை, கட்டட அனுமதி, பிரிக்கப்படாத நிலப் பங்கு, தண்ணீர், சாலை, மழைக்காலத்தில் வெள்ளம் வருமா என்பதெல்லாம் கணக்கில் வரும். மாடுலர் கிச்சனுக்கும் கிளப் ஹவுஸுக்கும் பில்டர் சேர்த்த விலையை மதிப்பீட்டாளர் அப்படியே ஏற்க மாட்டார்.

குறைவாக வந்தால் ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். பரப்பளவு தவறா, ஒப்பிட்ட வீடுகள் பழையவையா என்று பாருங்கள். அதே வளாகத்தில் பதிவான பத்திர நகல்களைக் காட்டி மறுமதிப்பீடு கேட்கலாம். வேறு வங்கிக்குப் போகவும் தடையில்லை.

வழிகாட்டி மதிப்பு கூடினால்?

இங்கே சிக்கல் தலைகீழ். நீங்கள் நிஜமாகவே குறைந்த விலைக்கு வாங்கியிருந்தாலும், வழிகாட்டி மதிப்புக்குத்தான் தீர்வை கேட்பார்கள். அந்த மதிப்பும் ஓரிடத்தில் நின்றதில்லை. 2017 ஜூனில் 33 சதவீதம் குறைத்தார்கள், பதிவுக் கட்டணத்தை 1-லிருந்து 4 சதவீதமாக ஏற்றினார்கள். 2023 ஏப்ரலில் பழைய 2012 மதிப்பையே திரும்பக் கொண்டுவந்து கட்டணத்தை 2 ஆக்கினார்கள். கட்டுமான நிறுவனங்கள் வழக்குப் போட, உரிய நடைமுறை பின்பற்றப்படவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 மார்ச்சில் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. பிறகு 2024 ஜூலை 1 முதல் புதிய மதிப்பு வந்தது.

வழிகாட்டி மதிப்பே இறுதி விலை அல்ல என்பது நீதிமன்றங்கள் பலமுறை சொன்னது. கிண்டி டான்சி நில வழக்கில் 2003-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பிலும் இது இருக்கிறது. ஜெயலலிதா விடுதலையான வழக்கு என்பதால் அரசியல் மட்டும்தான் பலருக்கு நினைவில் நிற்கிறது.

மதிப்பை ஏற்காதவர்களுக்கு இந்திய முத்திரைச் சட்டத்தின் 47-ஏ பிரிவு இருக்கிறது. பத்திரம் பதிவானபின் சார்பதிவாளர் அதை ஆட்சியருக்கு அனுப்புவார். நடைமுறையில் முத்திரைத்தீர்வைக்கான தனித்துணை ஆட்சியர் விசாரிப்பார். இடத்தைப் பார்த்து விலையை முடிவு செய்வார்கள். அதுவும் சரியில்லை என்றால் பதிவுத்துறைத் தலைவரிடம் மேல்முறையீடு, அதன் பிறகு உயர் நீதிமன்றம். கெடுவைத் தவறவிடக் கூடாது. இன்னொன்று, வழிகாட்டி மதிப்பைவிட 10 சதவீதத்துக்கும் மேல் குறைத்து வாங்கினால் வருமான வரித்துறை அந்த வித்தியாசத்தை உங்கள் வருமானமாகப் பார்க்கலாம்.

ஆளைப் பார்த்து விலை வைப்பார்களா?

அமெரிக்காவில் இது பெரிய சர்ச்சை. கலிபோர்னியாவின் மரின் சிட்டியில் ஒரு கறுப்பினத் தம்பதியின் வீட்டுக்கு முதலில் கிட்டத்தட்ட 10 லட்சம் டாலர் மதிப்பு போட்டார்கள். குடும்பப் படங்களைக் கழற்றிவிட்டு, வெள்ளையினத் தோழி ஒருவரை வீட்டுக்காரராக நிற்க வைத்து இன்னொரு மதிப்பீடு எடுத்தபோது கிட்டத்தட்ட 15 லட்சம் டாலர் வந்தது. வழக்கு 2023-இல் சமரசத்தில் முடிந்தது. கறுப்பினத்தவர் அதிகம் வாழும் பகுதிகளில் 12.5 சதவீத மதிப்பீடுகள் ஒப்பந்த விலையைவிடக் குறைவாக வருகின்றன, வெள்ளையர் பகுதிகளில் 7.4 சதவீதம்தான் என்று ஃப்ரெடி மேக் நிறுவனம் 2021-இல் கணக்கு காட்டியது. அங்கே 1968 முதல் வீட்டுவசதிப் பாகுபாட்டுக்கு எதிராகத் தனிச் சட்டம் இருக்கிறது.

நம்ம ஊரில் தோலின் நிறத்தைவிட முகவரி பேசும். சிறுசேரியிலிருந்து அதே ஓ.எம்.ஆர். வழியாக வடக்கே போனால் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம், கண்ணகி நகர். நகரின் நடுவிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களைக் குடியமர்த்திய இடங்கள். இந்த முகவரியைச் சொன்னால் வேலை கிடைப்பது கஷ்டம் என்று அங்குள்ளவர்கள் பல வருஷமாகச் சொல்கிறார்கள். சில பகுதிகளை 'நெகட்டிவ் ஏரியா' என்று ஒதுக்கும் பேச்சு கடன் வட்டாரத்தில் புதிதல்ல. ஆதிதிராவிடர் குடியிருப்புக்கு அடையாளமாகிப்போன 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என 2025 ஏப்ரலில் சட்டப்பேரவையில் முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவித்ததும் இதே முகவரிப் பிரச்சினையால்தான்.

வீட்டு மதிப்பீட்டில் பாகுபாட்டைத் தடுக்கவென்றே இங்கே தனிச் சட்டம் கிடையாது. கடன் தருவதில் பாலினம், சாதி, மதம் பார்க்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் நியாய நடைமுறை விதி சொல்கிறது. கடன் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் வங்கியிலேயே புகார் கொடுக்க வேண்டும்; 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனில் கட்டணமில்லாமல் போகலாம். வாயால் சொன்ன 'ஏரியா சரியில்லை' அங்கே எடுபடாது, கையில் கடிதம் வேண்டும்.