நிற்பதும் நகர்வதும்: ஒரு வான் ரேடாரின் வரலாறு

1991 ஜனவரியில் சவுதி அரேபியாவின் ரியாத் நகருக்கு அமெரிக்காவிலிருந்து இரண்டு பழைய போயிங் 707 விமானங்கள் வந்து இறங்கின. ஒருகாலத்தில் பயணிகளைச் சுமந்தவை. இப்போது முன்பக்க வயிற்றின் கீழே 12 மீட்டர் நீளத்துக்குத் தோணி போன்ற கூடு. அதற்குள் 7 மீட்டருக்கும் மேற்பட்ட நீளத்தில் ஒரு ரேடார் ஆன்டெனா. 'ஜாயிண்ட் ஸ்டார்ஸ்' எனப்பட்ட ஈ-8ஏ விமானங்கள் அவை. சோதனைக் கட்டமே முடியாத நிலையில் அவற்றை ஈராக்குக்கு எதிரான போருக்கு அனுப்பியிருந்தார்கள்.

தரையில் உள்ளவற்றைத் தனித்தனியே காண அவ்வளவு நீளமான ஆன்டெனாவும் தனியாகப் போதாது. 3 செ.மீ. அலைநீளத்தில் அதன் கற்றை 200 கி.மீ. தொலைவில் சுமார் 800 மீட்டர் அகலத்துக்கு விரிந்துவிடும். அந்த அகலத்துக்குள் பாலம், கட்டடம், டாங்கி எல்லாம் ஒரே பொட்டாகக் கலந்துவிடும்.

இதற்கு வழி 1951-லேயே பிறந்துவிட்டது. அரிசோனாவில் குட்இயர் விமான நிறுவனத்தின் பொறியாளர் கார்ல் வைலி ஒன்றைக் கவனித்தார். பறக்கும் விமானத்துக்குச் சற்று முன்னால் உள்ள பொருளின் எதிரொலியும் பின்னால் உள்ளதன் எதிரொலியும் அதிர்வெண்ணில் நூலிழை வேறுபடும். இதுதான் டாப்ளர் விளைவு. அந்த வேறுபாட்டைப் பிரித்தறிந்தால் ஒரே கற்றைக்குள் இருக்கும் பொருள்களைத் தனித்தனியே காணலாம். பறக்கும் வழியெல்லாம் சேகரித்த எதிரொலிகளை ஒன்றுசேர்த்தால், சிறிய ஆன்டெனாவே நூற்றுக்கணக்கான மீட்டர் நீள ஆன்டெனாவின் வேலையைச் செய்யும். சிந்தெடிக் அபர்ச்சர் ரேடாரின் அடிப்படை இதுதான்.

அவ்வளவு கணக்கைப் போடும் கணினி அன்று கிடையாது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் வில்லோ ரன் ஆய்வகத்தில் லூயிஸ் கட்ரோனா, எம்மெட் லீத் உள்ளிட்ட குழுவினர் எதிரொலிகளைப் புகைப்படச் சுருளில் பதிந்து, அதன் வழியே ஒளியைச் செலுத்தி, லென்ஸ்களையே கணக்குப் போடவைத்தார்கள். 1957 ஆகஸ்டில் தெளிவான படம் கிடைத்தது.

ஆனால் அந்தப் படம் நிலம் அசையாது என்ற அனுமானத்தின் மேல் நிற்பது. விநாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் பறக்கும் விமானத்தை நோக்கி 100 கி.மீ. தொலைவிலிருந்து ஒரு லாரி விநாடிக்கு 1 மீட்டர் மட்டும் நெருங்கினாலே போதும். படத்தில் அது சாலையை விட்டு அரை கிலோமீட்டர் தள்ளி நிற்கும். படத்தைத் தந்த அதே டாப்ளர்தான் அதைக் குலைக்கிறது.

ஜாயிண்ட் ஸ்டார்ஸ் இந்தக் கோளாறையே தகவலாக்கியது. ஆன்டெனாவை நீளவாக்கில் மூன்று பகுதிகளாகப் பிரித்து, அவற்றில் வந்து சேரும் எதிரொலிகளை ஒப்பிட்டார்கள். அசையாத நிலம் கழிந்துபோக, ஓடும் வாகனங்கள் திரையில் புள்ளிகளாக எஞ்சின. அவை உண்மையில் இருக்கும் இடமும் தெரிந்தது. நின்றவற்றைப் பார்க்கப் பட முறை, ஓடுபவற்றைப் பார்க்க இந்த முறை என ஒரே ரேடாரை மாற்றி மாற்றி இயக்க முடிந்தது. ஐரோப்பாவில் சோவியத் டாங்கிப் படையின் பின்வரிசைகளைக் கண்டுபிடிக்க 1970-களின் இறுதியில் தொடங்கிய ஆய்வின் பலன் இது.

அது முதலில் பயன்பட்டதோ பாலைவனத்தில். ஜனவரி 29 இரவு ஈராக் படை சவுதியின் காஃப்ஜி நகருக்குள் புகுந்தபோது, அதற்குத் துணையாகச் செல்ல முயன்ற வாகன அணிகளை இந்த விமானங்கள் இருளிலேயே கண்டு, தாக்குதல் விமானங்களை அங்கே திருப்பின. போர் முடிவதற்குள் இரண்டும் சேர்ந்து 49 முறை பறந்தன.

மேம்பட்ட ஈ-8சி விமானங்கள் பின்னர் பொஸ்னியா, ஆப்கானிஸ்தான், ஈராக் வான்வெளிகளில் பறந்து 2023-ல் ஓய்வுபெற்றன. அந்த இரட்டை வேலையை இன்று ஆளில்லா விமானங்களிலும் போர் விமானங்களின் மூக்கிலும் உள்ள சிறு ரேடார்கள் செய்கின்றன. பார்வைக் கோட்டுக்குக் குறுக்காக ஓடும் வண்டியை மட்டும் அவற்றாலும் எளிதில் பிடிக்க முடிவதில்லை. ரேடாரை நெருங்காமலும் விலகாமலும் ஓடுவதால், அதன் எதிரொலி நிலத்தின் எதிரொலியோடு கலந்துவிடுகிறது.