வெடிமருந்தின் மேல் ஒரு வானாய்வகம்

1761-ல் ஆங்கிலேயர் இடித்துத் தள்ளிய புதுச்சேரிக் கோட்டைக்குள், ஆளுநர் மாளிகையின் இடிபாடுகள் மேல்தான் பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்தி 1768-ல் வானாய்வகம் அமைத்தார். அடியில் நிலவறை முழுக்க வெடிமருந்து! நல்ல தொலைநோக்கி ஒன்றைக் கொடுத்து உதவியதோ, மதராஸில் இருந்த அதே ஆங்கிலேயர். 1769 ஜூன் 4 காலை, வெள்ளி சூரியனைக் கடக்கும் நேரம் பார்த்து மேகம் மூடிக்கொண்டது. முடிந்தபின் வெயில் அடித்தது. பாவம் மனுஷன்.

எல்லோரும் கதையை இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு முக்கியம், அவர் இதே ஊரில் பார்த்த இன்னொரு வானியல். தமிழர் ஒருவர் சோழிகளை நகர்த்தியே, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாட்டைக் கொண்டு, 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தை அவருக்குக் கணித்துக் காட்டினார். கிரகணம் நீடித்த நேரத்தில் பிழை 41 விநாடி. ஐரோப்பாவே மெச்சிய டோபியாஸ் மேயரின் அட்டவணையில் 68. நிரல் எழுதிப் பிழைக்கிற எனக்கு இது சோழியில் ஓடிய அல்காரிதம்தான். மொத்தக் கணக்கும் முடிய முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை.