ரெஜிஸ்ட்ரி கிளீனர் தேவையா?

தருமபுரியில் என் முன்னாள் மாணவர் ஒருவர், பழைய மடிக்கணினி மந்தமாகிவிட்டதென்று ‘ரெஜிஸ்ட்ரி கிளீனர்’ ஒன்றை இலவசமாகப் பதிவிறக்கினார். நூற்றுக்கணக்கான பிழைகள் இருப்பதாகக் காட்டிய அது, அவற்றைச் சரிசெய்யப் பணம் கேட்டது. கட்டலாமா என்று என்னிடம் வினவினார். வேண்டாம் என்றேன்.

ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸும் பிற மென்பொருள்களும் தம் அமைப்பு விவரங்களைக் குறித்துவைக்கும் பதிவேடு. அதிலுள்ள குறிப்புகள் ஏராளம். கணினியோ தனக்கு வேண்டியதை மட்டுமே தேடி எடுக்கிறது. எனவே, பயனற்ற சில நூறு குறிப்புகளை நீக்குவதால் வேகம் கூடிவிடாது. தேவையான ஒன்று தவறி அழிந்தாலோ, விண்டோஸையே மீண்டும் நிறுவ நேரலாம். இத்தகைய கருவிகளைத் தான் ஆதரிப்பதில்லை என மைக்ரோசாஃப்டே அறிவித்துள்ளது.

வேறு ஆபத்தும் உண்டு. 2017இல் புகழ்பெற்ற சிசிகிளீனரின் ஒரு பதிப்பில் நச்சுநிரல் புகுத்தப்பட்டு, 20 லட்சத்துக்கும் மேற்பட்டோரைச் சென்றடைந்தது. இலவசப் பரிசோதனையில் பொய்யான முடிவுகளைக் காட்டிப் பழுதுநீக்கும் சேவையை விற்றதாக எழுந்த வழக்கில், அமெரிக்காவின் ஆபீஸ் டிப்போவும் சப்போர்ட்.காமும் 2019இல் மொத்தம் 3.5 கோடி டாலர் செலுத்த இசைந்தன.

நோய் இருப்பதாகச் சொல்பவரே மருந்தையும் விற்கிறார். வாங்குபவருக்கோ சரிபார்க்க வழியில்லை. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில் தரமற்ற சரக்கே பெருகும் என்று பொருளியலறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இலேயே விளக்கினார்.

கணினியுடன் தாமே தொடங்கும் மென்பொருள்களை முடக்குவதும், பயன்படாதவற்றை நீக்குவதும் செலவில்லாதவை. நச்சுநிரல் ஐயமிருந்தால், மத்திய அரசின் சைபர் சுவச்தா கேந்திரா இலவசக் கருவிகளை வழங்குகிறது. மாணவர் அந்தத் தொகையோடு சிறிது சேர்த்து எஸ்எஸ்டி பொருத்திக்கொண்டார். வேகம் அதில்தான் கூடியது.